இரண்டாம் அத்தியாயத்திலேயே கிளைகள் பெருகிவிட்டால்

நீங்கள் தனியாக உருவாக்கும் காட்சி நாவலில் (விளையாடுபவரின் தெரிவுக்கேற்பக் கதை கிளைபிரியும் கணினி விளையாட்டு) மூன்று நாயகிகள், அத்தியாயத்துக்கு ஐந்து தெரிவுகள், இரண்டாம் அத்தியாயத்திலேயே ரெண்டர் (காட்சிப் படங்களைக் கணினியில் உருவாக்கும் வேலை) முடியவில்லை என்கிறீர்கள். தனியாள் வேலைக்கு இது தாங்காது. ஐந்து இருவழித் தெரிவும் தனித்தனியாகப் பிரிந்தால் 32 பாதைகள். பாதைக்கு 40 படம், படத்துக்கு 15 நிமிடம் என்றால் ரெண்டருக்கே 320 மணி நேரம்.

ஒரே ஒரு தெரிவில் மட்டும் கதையைப் பிரித்து, அத்தியாய முடிவில் திரும்பச் சேருங்கள். மற்ற நான்கையும் மாறியில் (நிரலில் ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் பெயர்) குறித்துக்கொண்டு, பின்வரும் காட்சிகளில் இரண்டு மூன்று வரி வசனத்தை மாற்றுங்கள். வசனத்துக்கு ரெண்டர் வேண்டாம். நாயகி பழசை நினைவில் வைத்துப் பேசினாலே, தன் தெரிவு மதிக்கப்பட்டதாக விளையாடுபவர் உணர்வார்.

ரென்பையில் (காட்சி நாவல் உருவாக்கும் மென்பொருள்) அந்த மாறிகளை ‘டிஃபைன்’ என்று எழுதாதீர்கள், ‘டிஃபால்ட்’ என்று எழுதுங்கள். டிஃபைனில் வைத்ததை நடுவில் மாற்றினால் சேவ் கோப்பில் ஒழுங்காகப் பதியாது. லோட் செய்ததும் தெரிவு காணாமல் போகும். டிஃபால்ட்டில் புதிதாகச் சேர்க்கும் மாறியோ பழைய சேவிலும் தொடக்க மதிப்போடு வந்துவிடும்.

நெருக்கக் காட்சியை மறுக்கும் வழியில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். அதற்குத் தனி மாறி வையுங்கள். நாயகியோடான உறவை அளக்கும் காதல் புள்ளியோடு கலந்தால், மறுத்தவருக்கு அந்த நாயகியின் முடிவே திறக்காது.