பண்ணைக் கீரையும் சிறுநீரகக் கல்லும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பக்கத்துப் பண்ணையில் குளிர்காலத்திலேயே பணம் கட்டி அந்தப் பருவ விளைச்சலில் பங்கு எடுத்தோம். ஜூனிலிருந்து வாரா வாரம் பெட்டி நிறைய சுவிஸ் சார்ட், கேல் என்ற கீரைகள், பீட்ரூட், சுக்கினிக் காய் எல்லாம் வருகிறது. வீணாகக் கூடாதே என்று தினமும் கீரை சமைக்கிறேன், காலையில் பச்சை ஸ்மூத்தியும் உண்டு. என் கணவருக்கு 44 வயது. முன்பு கால்சியம் ஆக்சலேட் கல் வந்ததிலிருந்து பால், தயிரைத் தொடுவதில்லை. போன வாரம் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது, வலி இல்லை. பீட்ரூட்தான் காரணமா? கீரையை நிறுத்த வேண்டுமா? பங்கையே விட்டுவிடலாமா?

பதில்: முதலில் சிவப்புச் சிறுநீரைப் பார்ப்போம். பீட்ரூட் சாப்பிட்டால் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படிப் போகும். இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இன்னும் அதிகம். ஓரிரு நாளில் தானாகவே மாறிவிடும், கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் கணவர் ஏற்கெனவே கல் வந்தவர், நாற்பதைத் தாண்டியவர். வலி இல்லாததை வைத்து நிம்மதி அடைய முடியாது. இந்த வாரமே சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு தெரிந்தால், பீட்ரூட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காமல் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். இடையில் காய்ச்சலோடு விலாவில் வலி வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். கீரை என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் ஒதுக்கத் தேவையில்லை. சுவிஸ் சார்ட், பாலக், பீட்ரூட்டின் இலை மூன்றிலும் ஆக்சலேட், அதாவது கால்சியத்தோடு சேர்ந்து இந்தக் கல்லாகும் பொருள், மிக அதிகம். பீட்ரூட் கிழங்கிலும் அதிகம்தான். கேலில் மிகக் குறைவு. அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். நடுக்காம்பை உருவி எறிந்துவிட்டு இலையைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் செய்யுங்கள். முருங்கைக்கீரையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேக வேண்டும், அவ்வளவுதான். சுக்கினி, வெள்ளரி, முட்டைக்கோஸ் ஆகியவற்றால் பயமில்லை. தக்காளி விதைதான் கல்லாகிறது என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம்.

சுக்கினி பற்றி ஒன்று. நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுவதையும் தூக்கிப் போடுங்கள். சுக்கினி, சுரைக்காய், வெள்ளரி போன்ற காய்களில் அந்தக் கசப்பே நஞ்சு, சமைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிரே போயிருக்கிறது.

என் கவலையெல்லாம் அந்த ஸ்மூத்தி மேல்தான். தட்டில் வைத்தால் சாப்பிட முடியாத அளவு பச்சை இலை ஒரே டம்ளரில் இறங்கிவிடுகிறது, ஆக்சலேட் அத்தனையும் அப்படியே உள்ளே போகிறது. அதை இன்றே நிறுத்துங்கள். சுவிஸ் சார்ட் சமைக்க ஆசையாக இருந்தால், எப்போதாவது ஒரு நாள், நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். கீரை வெந்த தண்ணீரில் சத்து இருக்கிறது, கொட்டாதே என்று நம் வீடுகளில் சொல்வது சரிதான். ஆனால் இவருக்கு அது பொருந்தாது, ஏனென்றால் கரைந்த ஆக்சலேட்டும் அதில்தான் இருக்கிறது. வடித்த கீரையையும் தயிரோடு சாப்பிட வேண்டும்.

கீரைக்குத் தயிர் ஆகாதே என்பீர்கள். கல் கால்சியத்தால் ஆனது, அதனால் பால் கூடாது என்று அவர் ஒதுக்கியதும் இதே மாதிரிதான். இந்த இரண்டு நம்பிக்கைகளையும் மறந்துவிடுங்கள். சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகும். பாலை விட்டவர்களுக்குத்தான் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமாவது கால்சியம் உணவிலிருந்து வர வேண்டும். மதியம் தயிர் சாதம், இரவு ஒரு கப் தயிர் அல்லது கொஞ்சம் பனீர், நடுவில் ஒரு டம்ளர் பால் என்று மறுபடி தொடங்கட்டும். அந்தத் தயிர் சாதத்துக்கு ஊறுகாய் மட்டும் வேண்டாம். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். வைட்டமின் சி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள், உடலில் அது ஆக்சலேட்டாக மாறுகிறது.

தண்ணீரை எத்தனை லிட்டர் குடிக்கிறார் என்பதைவிட, எவ்வளவு சிறுநீர் போகிறது என்று பாருங்கள். நாளுக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும். ஜூலை வெயிலில் வியர்வை போக அந்த அளவு வர, மூன்று லிட்டருக்கு மேலேயே குடிக்க வேண்டியிருக்கும். படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் அவசியம். வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். இந்தக் கல்லைக் கரைக்காது. உப்பு போடாத எலுமிச்சைச் சாறு நல்லது, அதிலுள்ள சிட்ரேட் புதுக் கல் சேர்வதைத் தடுக்க உதவும்.

பங்கை விட வேண்டாம். பல பண்ணைகளில் பெட்டி வாங்கும் இடத்திலேயே மாற்றிக்கொள்ள ஒரு கூடை வைத்திருப்பார்கள். சுவிஸ் சார்ட்டை அதில் போட்டுவிட்டு வெள்ளரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி வசதி இல்லையென்றால் கல் வராத பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள், ஸ்மூத்தி செய்முறையைத் தவிர.