புதிதாகச் சேரும் இருவருக்காக அலுவலகத்தில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: எங்கள் அலுவலகம் தரைத்தளத்தில் இருக்கிறது, 25 பேர் வேலை பார்க்கிறோம். அடுத்த மாதம் இருவர் சேருகிறார்கள். ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர், இன்னொருவர் பார்வையற்ற கணக்காளர். வாசலில் மூன்று படிகள், மொத்தம் 45 செ.மீ. உயரம். வாசலுக்கு நேரே 3 மீட்டர் இடம்தான் உண்டு. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் 9 மீட்டர் கிடைக்கும். சாய்தளம் போட்டால் போதுமா?

பதில்: போதாது. ஆனால் கட்டடத்தையே இடித்துக் கட்டவும் வேண்டாம். வாசலிலிருந்து மேசை, மேசையிலிருந்து கழிப்பறை, கூட்ட அறை என்று அவர்கள் தினமும் போகும் வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த இடத்தில் தடை இருந்தாலும் மற்ற செலவெல்லாம் வீண். கொத்தனாரைக் கூப்பிடும் முன் அந்த இருவரையும் ஒரு முறை வரவழைத்து, அந்த வழி முழுக்கப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலியின் அகலம், அது கையால் தள்ளுவதா மோட்டாரில் ஓடுவதா, கணக்காளர் எந்த ஸ்க்ரீன் ரீடரை (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துகிறார் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். வேலைக்கு என்ன தேவை என்று கேளுங்கள். குறை எப்படி வந்தது என்ற விசாரணை வேண்டாம்.

சாய்தளத்துக்கு 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்பது கணக்கு. உங்கள் 45 செ.மீ.க்கு 5.4 மீட்டர் வேண்டும். நேரே இருக்கும் 3 மீட்டருக்குள் அடக்கினால் சரிவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஏறும்போது முன் சக்கரம் தூக்கி நாற்காலி பின்பக்கம் சாயும், இறங்கும்போது கைக்கு அடங்காமல் ஓடும். ஆகவே சுவரை ஒட்டியே போடுங்கள். மேலே கதவருகில் 1.5 மீட்டர் சமதளம், கீழே இன்னொரு 1.5 மீட்டர், ஆக 8.4 மீட்டர், உங்கள் இடம் போதும். மேல் சமதளத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சரிவிலேயே நின்றுகொண்டு கதவை இழுக்க முடியாது, நாற்காலி பின்னால் உருளும். இரு பக்கமும் 85 முதல் 95 செ.மீ. உயரத்தில் கைப்பிடிக் கம்பி, ஓரத்தில் சக்கரம் விழாமல் 10 செ.மீ. தடுப்பு. பளபளக்கும் டைல்ஸ் ஒட்டாதீர்கள், ஈரமானால் வழுக்கும். வழுக்காமல் இருக்கட்டும் என்று ஆழமாகக் கோடு கிழிப்பதும் தப்புதான். சின்ன முன்சக்கரம் ஒவ்வொரு கோட்டிலும் குலுங்கும்.

கதவின் அகலத்தை நிலைக்கு நிலை அளக்கக் கூடாது. கதவை முழுக்கத் திறந்து, கதவுப் பலகையிலிருந்து எதிர் நிலை வரை அளந்தால் குறைந்தது 80 செ.மீ. வர வேண்டும், 90 இருந்தால் நிம்மதி. கொஞ்சம் குறைந்தால் நிலையை உடைக்க வேண்டியதில்லை. கதவை வழியிலிருந்து முழுதாக விலக்கிவிடும் கீல் கிடைக்கிறது, அதை மாட்டினால் பலகையின் கனம் அளவுக்கு இடம் மிச்சமாகும்.

மேசைக்கு அடியில் 70 செ.மீ. உயரம், 80 செ.மீ. அகலம் காலியாக இருந்தால் சரி. டிராயர் பெட்டியை எடுத்துவிட்டாலே பல மேசைகள் தேறிவிடும்.

கழிப்பறையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம், கோப்பையின் ஒரு பக்கம் நாற்காலியை நிறுத்த 90 செ.மீ. காலியிடம், உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் உள்பக்கம் திறக்கும் கதவு உதவாது. தாழ்ப்பாள் அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும். பிடிமானக் கம்பி 100 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும், ஆகவே செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். தடுப்புப் பலகையில் திருகி வைத்த கம்பி, எடை விழும் அன்று கையோடு வந்துவிடும். இவ்வளவும் செய்துவிட்டு, அந்த இடத்தில் துடைப்பமும் பழைய நாற்காலியும் அடுக்கி வைக்கும் அலுவலகங்கள் ஏராளம்.

கணக்காளருக்குக் கொத்தனார் வேலை எதுவும் இல்லை, அவருடைய தடைகள் கணினிக்குள் இருக்கின்றன. ஒரு சோதனை செய்து பாருங்கள். மவுஸைக் கழற்றிவிட்டு, கீபோர்டை மட்டும் வைத்து ஒரு வவுச்சர் பதிவிலிருந்து அறிக்கை எடுப்பது வரை முடியுமா? அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) என்ற ஸ்க்ரீன் ரீடரை நிறுவி, திரையை அணைத்துவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். பெயர் வைக்காத பொத்தான்கள் வந்தால் அது “பட்டன், பட்டன்” என்றுதான் சொல்லும். எது சேமிப்பது, எது அழிப்பது என்று யாருக்கும் தெரியாது. அந்த இடங்களைக் குறித்து, மென்பொருள் தந்தவரிடம் இப்போதே கேளுங்கள், திருத்த அவர்களுக்கு நாள் பிடிக்கும். ஸ்கேன் செய்த பில்கள் வெறும் படம்தான், படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் (OCR) போட்டுக் கொடுத்தால்தான் ஸ்க்ரீன் ரீடர் படிக்கும். எக்செல்லில் நிலுவையைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டாமல், ‘நிலுவை’ என்று ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள். இணைத்த கட்டங்களைப் பிரித்துவிடுங்கள். மென்பொருள் ஒத்துவரவில்லை என்று அவரைத் தொலைபேசி எடுக்க உட்கார வைப்பதுதான் மிக மோசமான தீர்வு.

நடைபாதையில் தரையிலிருந்து 70 செ.மீ.க்கு மேல் சுவரிலிருந்து துருத்தும் தீயணைப்பானும் அலமாரியும் வெள்ளைக்கோலுக்குச் சிக்காது, நேரே உடம்பில்தான் இடிக்கும். 10 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதை நகர்த்துங்கள். மேசைகளை இடம் மாற்றினால் கணக்காளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகப் பின்வாசலையும் பாருங்கள். தீ விபத்தின்போது வெளியேற அதைத்தான் குறித்திருக்கிறீர்கள் என்றால், அங்கே படி இருக்கக் கூடாது. ஒத்திகை நாளில் இவர்கள் இருவரையும் “நீங்கள் உட்காருங்கள்” என்று விட்டுவிடாமல், சேர்த்தே வெளியேற்றிப் பாருங்கள்.