தனி ஷோவும் நாற்காலிக் கணக்கும்: கேள்வி பதில்

சென்னையில் ஒன்பது வருடமாகக் காமெடி மேடையேறுகிறேன். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசிப் பார்க்கிற ஓப்பன் மைக் மேடையும் மாதம் இரண்டு நடத்துகிறேன். அடுத்த மாதம் என் தனி ஷோ என்றதும் வந்த கேள்விகளில் சில.

அக்கா, ஷோவுக்குத் தயாராகும் நாட்களில் காலையிலிருந்தே ஒத்திகையா? (திருச்சி வாசகி)

இல்லைம்மா, காலையில் கேட்பதுதான் வேலை. முந்தின இரவு பேசியதைப் போனில் பதிவு செய்திருப்பேன். நம் குரலை நாமே கேட்பது கொடுமை. ஆனாலும் எங்கே சிரிப்பு, எங்கே வெறும் இருமல் என்று நோட்டில் குறிப்பேன். கல்யாணப் பந்தியில், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்போமே, அதைப் பற்றி ஒரு ஜோக். 'மோர் வரைக்கும் வந்த மனுஷன் திரும்பவும் சாம்பாரைக் கூப்பிடுகிறார்' என்றதும் சிரித்துவிட்டார்கள். நானோ அந்தச் சிரிப்பின் மேலேயே இன்னும் இரண்டு வாக்கியம் விளக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் வெட்டியாயிற்று.

என்னிடம் மூன்று நிமிடச் சரக்குதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் எப்படிச் சேரும்? (கல்லூரி மாணவர்)

ஐந்தைந்து நிமிடமாகத்தான். எங்கள் ஓப்பன் மைக்கில் ஒருவருக்கு ஐந்து நிமிடம். நாலாவது நிமிடத்தில் பின்னாலிருந்து போன் லைட்டைக் காட்டுவோம். பத்துத் தடவை பேசிப் பார்த்தால் அதில் இரண்டு நிமிடம் தேறும். ஆனால் பன்னிரண்டு ஐந்தை ஒட்டினால் அது ஷோ ஆகாது. நாற்பதாவது நிமிடம் வாக்கில் கூட்டம் களைத்துவிடும். அங்கே ஜோக்கைக் குறைத்து ஒரு நீளமான கதையை வைக்கிறேன். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடப் பக்கத்திலேயே ஆள் உண்டு. நமக்கு அதையும் கூட்டம்தான் போட வேண்டும்.

ஐம்பது பேர் புக் செய்தார்கள், இருபது பேர்தான் வந்தார்கள். என்ன செய்வது? (கோவையில் புதிதாக நடத்துபவர்)

நாற்காலியை எடுங்கள்! முதலில் இருபது மட்டும் போட்டு, மீதியைச் சுவரோரம் அடுக்கிவையுங்கள். ஆள் வர வர எடுத்துப் போடலாம். நடுவே காலி நாற்காலி இருந்தால் சிரிப்பு அதைத் தாண்டிப் போகாது. பிரசாத வரிசையில் முண்டியடிக்கிறவர்கள்கூட இங்கே கடைசி வரிசைக்குத்தான் ஓடுவார்கள். கையைப் பிடித்து முன்னால் உட்காரவைக்க வேண்டும். அப்புறம், இலவசம் வேண்டாம். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் மழையிலும் வருகிறார்.

காபிக் கடை மொட்டைமாடியில் வைக்கலாமா?

வைக்கலாம், பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதைவிடப் பெரிய வில்லன் மிக்ஸி. ஒரு கடையில் நான் பஞ்ச் சொல்கிற நொடியில் மில்க்‌ஷேக் அடித்தார்கள். அன்று விழுந்த ஒரே கைதட்டல், மிக்ஸி நின்றதற்கு. இப்போது வாடகை கேட்பதற்கு முன் மிக்ஸி எங்கே என்றுதான் கேட்கிறேன்.

நீங்களே நடத்தும் இரவில் நீங்கள் எத்தனையாவது ஆள்?

முதலில் நிச்சயம் சிரிக்கவைப்பவர், நடுவில் புதியவர்கள், கடைசியில் அனுபவசாலி. நான் பெரும்பாலும் ஏறுவதில்லை. வாசலில் டிக்கெட் பார்த்துவிட்டு மேடைக்குப் போனால், மனசு இன்னும் பணம் போடாத அந்த நாலு பேரிடமே நிற்கிறது.