நின்று நின்று ஓடும் ஃபிலிம்

கேள்வி: எடிசன் 1894-லேயே காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிவிட்டார். பிறகு ஏன் சினிமா பிறந்த நாள் என்று 1895 டிசம்பர் 28-ஐச் சொல்கிறார்கள்?

பதில்: எடிசனுடைய படம் ஒரு பெட்டிக்குள் ஓடியது. கினெட்டோஸ்கோப் என்ற அந்த மரப்பெட்டியின் துவாரத்தில் கண்ணை வைத்து ஒரு சமயத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் கிராண்ட் கஃபேயில் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். பத்துக் குட்டிப் படங்கள், கட்டணம் ஒரு பிராங்க். ஆனால் பெர்லினில் ஸ்க்லாடனோவ்ஸ்கி சகோதரர்கள் அந்த நவம்பரிலேயே கட்டணம் வாங்கித் திரையில் காட்டிவிட்டார்கள். ஆக, பிறந்த நாள் என்பது ஒரு சௌகரியத்துக்குத்தான். எடிசனிடம் வேலை பார்த்த டிக்சன் வகுத்த 35 மி.மீ. ஃபிலிம் அகலமும், ஒரு பிரேமுக்கு, அதாவது ஃபிலிமிலுள்ள ஒரு தனிப் படத்துக்கு, பக்கத்துக்கு நான்கு ஓரத் துளைகளும் பின்னாளில் உலகத்துக்கே அளவாகிவிட்டன என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: லூமியேர் கேமரா தையல் மெஷினைப் பார்த்துச் செய்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். தையல் மெஷினில் துணி ஒரே சீராக ஓடாது. ஊசி மேலே போனதும் அடியிலுள்ள பல் துணியை ஒரு தையல் அளவு தள்ளும், நிற்கும், மறுபடி தள்ளும். லூயி லூமியேருக்கு வேண்டியிருந்தது இந்த விட்டுவிட்டு நகரும் வித்தைதான். ஏனென்றால், ஓடுகிற ஃபிலிமில் படம் தெளிவாகப் பதியாது.

கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 பிரேம். வினாடிக்கு இரண்டு சுற்று, 16 பிரேம். ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு ஊசிகள் ஓரத் துளைகளில் நுழைந்து, ஃபிலிமை ஒரு பிரேம் உயரம் கீழே இழுத்துவிட்டு, துளையை விட்டு விலகி, வெறுமனே மேலே ஏறும். இழுக்கும் நேரம் முழுக்க, வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டர் மூடியிருக்க வேண்டும். கொஞ்சம் முந்தித் திறந்தாலும் வெள்ளைச் சட்டை, விளக்கு போன்ற பளிச்சென்ற இடங்களெல்லாம் வால் முளைத்ததுபோல மேலும் கீழுமாக இழுபட்டுப் பதியும். ஊசி துளைக்கு நேராக நுழையாவிட்டால் துளை கிழியும்; பிறகு பிடிமானம் போய்ப் படம் குதிக்கும்.

அவர்களுடைய சுருள் 17 மீட்டர்தான், சுமார் 50 வினாடி ஓடும். நீளச் சுருள் என்றால் சங்கடம் வேறு. கனமான சுருளை வினாடிக்குப் பதினாறு தடவை வெடுக்கென்று இழுத்தால் ஃபிலிம் அறுந்துவிடும். அதனால் தனியாக ஒரு பல்சக்கரம் சுருளிலிருந்து சீராக ஃபிலிமை விட, லென்ஸுக்கு நேரே வருமுன்பும் அதைத் தாண்டிய பின்பும் ஃபிலிம் கொஞ்சம் தொய்வாக வளைந்து நிற்கும்படி செய்தார்கள். வெடுக்கென்ற இழுப்பு அந்தத் தொய்வோடு அடங்கிவிடும். இதற்கு லேதம் லூப் என்று பெயர்.

கேள்வி: பழைய படங்களில் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போவது கேமராவின் கோளாறா?

பதில்: இல்லை, ஓட்டிக் காட்டுபவரின் கோளாறு. 16 பிரேமில் எடுத்ததைப் பேசும்பட வேகமான 24-ல் ஓட்டினால் 60 வினாடிக் காட்சி 40-லேயே முடிந்துவிடும். ஒரே காட்சிக்குள் வேகம் மாறினால் மட்டும் கேமராக்காரரின் கையைச் சந்தேகிக்கலாம். கை தளர்ந்த இடத்தில் பிரேம் குறைவாக விழும், நடை இன்னும் வேகமாகும். ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருப்பதால் அந்த இடத்தில் படமும் வெளிறிப்போயிருக்கும்.