‘அப்புறம் அனுப்புறேன்’ என்று எழுதிய மகன்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. என் பழைய போனில் ஆன்லைன் கேம் விளையாடுவான். இரண்டு வாரத்துக்கு முன் தற்செயலாக அதிலிருந்த சாட்டைப் பார்த்தேன். யாரோ ஒருவர், ‘இங்க வேண்டாம், வேற ஆப்புக்கு வா, உன் போட்டோ ஒண்ணு அனுப்பு’ என்று கேட்டிருக்கிறார். இவனும் ‘அப்புறம் அனுப்புறேன்’ என்று பதில் போட்டிருக்கிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கத்தித் தீர்த்துவிட்டு போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போனைத் திருப்பிக் கொடுத்து, அவனுக்குத் தெரியாமல் கண்காணிக்கும் ஆப் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், ஓர் அம்மா

பதில்: உங்கள் மகன் எழுதிய அந்த ‘அப்புறம்’தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அனுப்ப விருப்பமுள்ள பிள்ளை அப்போதே அனுப்பியிருப்பான். இவனுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்கிறது, ஆனால் ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லணும், மரியாதையாகப் பேசணும் என்றுதானே நாம் வளர்க்கிறோம்! பதிலே சொல்லாமல் ஒரு பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டுப் போகலாம் என்று எந்தப் பிள்ளைக்கும் நாம் சொல்லிக்கொடுத்ததில்லை. பிளாக் செய்வது மரியாதைக் குறைவு இல்லை என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள்.

இப்படி வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் போட்டோ கேட்பதில்லை. ‘நல்லா ஆடுற’ என்று பாராட்டுவார்கள். கேமுக்குள் செலவழிக்கக் கொஞ்சம் காயின் பரிசாகத் தருவார்கள். என்ன வயசு, எந்த கிளாஸ் என்று விசாரிப்பார்கள். அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி வரும்: ‘உன் போனை வீட்ல யாராவது பார்ப்பாங்களா?’ இதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்த பிறகுதான் வேறு ஆப்புக்கு அழைப்பார்கள். பல கேம்களின் சாட்டில் சில சொற்களைத் தடுக்கும் வடிகட்டி உண்டு, புகார் பட்டனும் உண்டு. இரண்டும் அவர்களுக்கு இடைஞ்சல். ஒரு படம் கைக்குப் போய்விட்டால் அடுத்தது மிரட்டல்: ‘இன்னும் அனுப்பு, இல்லேன்னா உங்க அம்மாவுக்கு அனுப்பிடுவேன்.’

இந்த மிரட்டல் எந்த வீட்டில் பலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் போன் போய்விடும், வீடே இரண்டாகும் என்று பிள்ளை பயப்படுகிற வீட்டில். நீங்கள் பதறியதில் தப்பில்லை, யாராக இருந்தாலும் பதறத்தான் செய்வார்கள். ஆனால் அன்று அவன் கற்றுக்கொண்டது, அடுத்த முறை அம்மா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான். கத்தியதற்கு ஒரு ‘சாரி’ சொல்லிவிட்டு போனைக் கொடுத்துவிடுங்கள்.

ரகசியமாக ஆப் போடும் யோசனை எனக்குச் சம்மதமில்லை. ஒரு நாள் அவன் கண்டுபிடிப்பான், இந்த விஷயத்தில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கண்காணிக்கத்தான் வேண்டும் என்றால், எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்கமாட்டீர்கள் என்று அவனிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

செட்டிங்ஸை இருவரும் சேர்ந்தே மாற்றுங்கள். நேரில் தெரிந்த நண்பர்கள் மட்டும் சாட் செய்யும்படி வைப்பது முதல் வேலை. லொகேஷனை அணைத்துவிடுங்கள். கணக்கில் என்ன பிறந்த தேதி கொடுத்திருக்கிறான் என்று கட்டாயம் பாருங்கள். 18 ஆகிவிட்டதாகப் போட்டிருந்தால், சிறுவர்களுக்கென்று உள்ள பாதுகாப்பு எதுவும் அவனுக்குக் கிடைக்காது. பெரும்பாலான சமூக ஊடகங்களில் 13 வயது என்று ஒரு வரம்பு இருக்கிறதே, அது பக்குவத்தைப் பார்த்து வைத்ததில்லை. குழந்தைகளின் தகவல்களைச் சேகரிப்பது பற்றி அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டத்திலிருந்து வந்த எண் அது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து அதை 16 ஆக்கியிருக்கிறார்கள். அதனால் 13 முடிந்தால் கவலை விட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

பையன்தானே என்று அசட்டையாக இருக்கும் பெற்றோரும் உண்டு. அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் பறிக்கும் கும்பல்களிடம் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயதுப் பையன்கள்தான் என்கிறது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. உங்கள் மகன் அந்த வயதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறான்.

ஒருவேளை படம் ஏற்கெனவே போயிருந்தால்? பணம் கேட்டால் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். பயந்துபோய் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். அந்தக் கணக்கின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, கேமிலேயே புகார் கொடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். மிரட்டல் இருந்தால் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்குப் போகலாம். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் உங்கள் போனிலேயே உருவாகிப் போகும். அதை வைத்து, இதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும்.

இதையெல்லாம் ஒரே நாளில் உட்கார வைத்துப் பாடம் எடுக்காதீர்கள். இன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த கேமை எப்படி ஆடுவது என்று கேளுங்கள். நாலு முறை தோற்றுப்போங்கள், சிரிப்பான். அப்புறம் மெதுவாக, ‘அந்த ஆள் திரும்ப ஏதாவது கேட்டானா?’ என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை ‘நான் அப்பவே சொன்னேனே’ மட்டும் வேண்டாம்.