அக்கா கையெழுத்துப் போட்டுவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 61. ஏற்காட்டில் நாகலூர் பக்கம், அப்பா சம்பாதித்து வாங்கிய நாலு ஏக்கர் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எத்தியோப்பியாவில் ஆடு மேய்த்த ஒருவன் காப்பியைக் கண்டுபிடித்த கதையை, பழம் பறிக்கும்போது அப்பா எனக்கும் அக்காவுக்கும் சொல்வார். அன்றிலிருந்து அந்த நாட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை விற்றால் நாலு லட்சம் தேறும். அப்பா 2012-இல் காலமானார், அம்மாவும் இல்லை. பட்டா இன்னும் அப்பா பெயரில் இருப்பதால் மர வியாபாரி வாரிசுகளின் சம்மதம் கேட்கிறார். அக்கா ஆத்தூரில் இருக்கிறது, வழக்கம்போல கையெழுத்துப் போட்டுவிடும். பெங்களூரில் இருக்கும் மகன்தான் "இந்த வயசில் எதுக்கு?" என்கிறான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஏற்காடு (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: மகன் இருக்கட்டும், அவனை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் அக்காவைப் பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் எழுதிய நாலு பக்கத்தில் எத்தியோப்பியா மூன்று பக்கம் வருகிறது. அக்காவுக்கு ஒரே வரி. அவர் எப்படி இருக்கிறார், மாமா இருக்கிறாரா, வீடு சொந்தமா வாடகையா, மாதம் எதை வைத்து ஓடுகிறது, ஒன்றுமே இல்லை. கையெழுத்துப் போடும் என்பது மட்டும் இருக்கிறது. இதற்கு முன்னாலும் வாங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. எதற்காக என்று சொல்லவில்லை.

இப்படி ஒரு கடிதம் வராத மாதம் எனக்கு இல்லை. ஒருவருக்கு மாடி கட்ட வேண்டும், ஒருவருக்குப் பெண் கல்யாணம், இன்னொருவருக்கு வங்கிக் கடன். உங்களுக்கு எத்தியோப்பியா. காரணம் எதுவானாலும் கையெழுத்துப் போடுவது வேறு ஊரில் கட்டிக்கொடுத்த அக்காவோ தங்கையோதான். "அது ஒண்ணும் சொல்லாது" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஏன் சொல்வதில்லை தெரியுமா? வாயைத் திறந்தால் பிறந்த வீட்டுப் போக்குவரத்து நின்றுபோகும். ஆடிப் பதினெட்டுக்கு அழைக்க ஆள் வராது. நாளைக்கு வீட்டில் ஒரு விசேஷம் என்றால் தாய்மாமன் சீர் வராது. அந்தப் பயத்தில் போடுகிற கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம். உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மாவுக்கு வந்த பங்கும் அவருக்குப் பின் உங்கள் இருவருக்கும் சமமாகத்தான் வரும். ஆக, நாலு ஏக்கரில் இரண்டு ஏக்கர் அக்காவுடையது. 1989-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று யாராவது சொல்லிவைத்திருப்பார்கள். அது பூர்வீகச் சொத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் வந்த திருத்தம். 2005-இல் அந்த நிலைமையும் மாறிவிட்டது. அப்பாவின் சுயசம்பாத்தியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நகை போட்டோம், சீர் செய்தோம் என்று சொல்லி இந்தப் பங்கைக் கழிக்கவும் முடியாது.

மர விஷயம் தோட்டக்காரரான உங்களுக்குத் தெரியாததில்லை. ஏற்காட்டில் சில்வர் ஓக் என்றால் அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மரத்தை வெட்டினால் கொடியும் போகும். புதிதாக மரம் வளர்த்துக் கொடி ஏற்றினாலும், கொடி காய்க்கவே மூன்று நாலு வருஷம் வேண்டும். நிழல் போனால் அரபிகா காப்பிச் செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு புகுந்துவிடும். அக்காவின் இரண்டு ஏக்கரில் இனி வரப்போகும் மிளகையும் சேர்த்து நீங்கள் விலை பேசுகிறீர்கள். இத்தனை வருஷம் விற்ற மிளகில் அவர் கைக்கு என்ன போனது? ஆடிக்கு ஒரு சேலை என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

ஆசையில் ஒரு குறையும் இல்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த செடியை வைத்துப் பிழைத்த குடும்பம் உங்களுடையது. அந்தச் செடி காட்டில் தானாக முளைத்து நிற்கும் எத்தியோப்பியாவின் காஃபா பகுதியைப் பார்க்க நினைப்பது நியாயம்தான். அந்த நாட்டு வீடுகளில் காப்பி போடும் முறையை எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறீர்கள்! பச்சைக் கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் வறுத்து, புகை மணத்தை வந்தவர்கள் பக்கம் காட்டி, உரலில் இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவைக்கிறார்கள். பிடியில்லாத சின்னக் கோப்பையில் அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. மூன்றாவது சுற்றுக்கு முன்னால் எழுந்து போவது மரியாதை இல்லை. முன்பின் தெரியாதவர்களையும் இப்படி உட்காரவைத்து உபசரிக்கும் வீட்டுக்கு, கூடப் பிறந்தவளின் பங்கை எடுத்துக்கொண்டா போவீர்கள்? என்னால் அதை ஏற்க முடியவில்லை.

ஆட்டுக்காரன் கதையை அப்பா உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு பக்கத்துச் செடியில் பழம் பறித்தபடி அக்காவும் கேட்டார். அவருக்கும் அந்த நாட்டைப் பார்க்க ஆசை இருக்குமோ என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

இந்த வாரமே ஆத்தூருக்குப் போங்கள். போனில் பேசுகிற விஷயம் இல்லை இது. சம்மதக் கடிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, அவரவர் பங்குக்கு அவரவர் பெயரில் பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். "எனக்கு எதுக்கு தம்பி?" என்பார். பெரும்பாலும் எல்லா அக்காக்களும் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பட்டா அவர் பெயருக்கு வரட்டும். அதன் பிறகு வைத்துக்கொள்வதோ கொடுப்பதோ அவர் இஷ்டம்.

மரத்தைத் தொடாதீர்கள். உங்கள் பங்கு மிளகுப் பணத்தைச் சேர்த்துக்கொண்டு போங்கள், இரண்டு மூன்று வருஷம் ஆனாலும் சரி. அக்கா வருகிறேன் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அக்டோபரில் போனால் அங்கே பறிப்பு தொடங்கியிருக்கும், நம் ஊர்ப் பறிப்புக்குத் திரும்பியும் விடலாம். புறப்பட 10 நாளுக்கு முன்பாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் எத்தியோப்பியாவிலிருந்து திரும்பினால் இங்கே இறங்கியதும் தனிமையில் வைத்துவிடுவார்கள். 60 தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் கூடுதல் எச்சரிக்கை தேவை, டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

மகனிடம், "அத்தைக்கு உள்ளதை அத்தைக்குக் கொடுத்தாச்சு, இது என் பங்குக் காசு" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆத்தூர் போகும்போது, 2012-லிருந்து மிளகு விற்ற கணக்கு நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.