பட்டறைப் பதில்கள்: ஐப்பசி வந்தால் கட்டையும் ஊதும்

கேள்வி (வாசகர், கும்பகோணம்): அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் பேரல் (குழல்) ஒரு இடத்திலும் ஸ்டாக் (அதைத் தாங்கும் கட்டை) இன்னொரு இடத்திலும் வாங்கி, தனக்கென்று ஒரு டார்கெட் ரைஃபிள் கட்டியிருக்கிறான். தோட்டாவையும் வீட்டிலேயே அடைக்கிறான். நான் கிளப்பில் .22 அளவு ரைஃபிள் சுடுகிறேன். இங்கே அதற்கு வழி உண்டா?

பதில்: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்தால் 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி கம்பி எண்ண வேண்டியதுதான். சட்டமே விட்டாலும் .22 தோட்டாவை மறுபடி அடைப்பது நடக்கிற காரியமில்லை. மச்சான் சுடுவது சென்டர்ஃபயராக இருக்கும். அதில் தோட்டாவின் உலோகக் கூட்டின் அடியில், நடுவில், மருந்தைப் பற்ற வைக்கும் கேப்பு தனியாக உட்கார்ந்திருக்கும்; வெடித்ததைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு பொருத்தலாம். உங்கள் .22-இல் வெடிக்கிற மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. அந்த விளிம்பைத்தான் ஊசி நசுக்குகிறது. நசுங்கியது நசுங்கியதுதான்.

மச்சான் எதற்கு மெனக்கெடுகிறார்? காசு மிச்சம் என்பார், நம்பாதீர்கள். ஒரு தோட்டா போலவே அடுத்ததும் இருக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடும். மருந்து எடை, புல்லட் இறங்கும் ஆழம், கூட்டின் கழுத்து இறுக்கம், மூன்றும் மாறக் கூடாது. அதை நீங்கள் கடையில் தேட வேண்டியிருக்கிறது. பிராண்டு ஒன்றே ஆனாலும் பெட்டியில் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியின் எண், வேறென்றால் அது வேறு தோட்டா. நாலு லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மணல் மூட்டையில் வைத்து, லாட்டுக்கு இருபது சுட்டுப் பாருங்கள். எது குவிகிறதோ அந்த லாட்டையே முடிந்த மட்டும் வாங்கி வையுங்கள். 50 மீட்டர் அட்டையில் பத்துக்கான வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், ஒரு நெல்லைவிடக் கொஞ்சம் நீளம்.

பேரல் மாட்டுவதில் ஆசை வேண்டாம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன். தோட்டா உட்காரும் இடமான சேம்பரைச் சோதிக்க இரண்டு அளவு கேஜ் உண்டு: ஒன்றை வைத்தால் பின்னால் அடைக்கிற போல்ட் மூட வேண்டும், மற்றதை வைத்தால் மூடக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தலைமுடி ஒன்றிரண்டு சேர்ந்த கனம்தான். அது தப்பினால் கூடு கிழிந்து, சூடான வாயு முகத்துக்குத் திரும்பும்.

நம் கையில் இருப்பது கட்டை. ஒரு ஐப்பசியில், விடாமல் மழை பெய்த வாரம், பத்தில் விழுந்துகொண்டிருந்த என் குண்டெல்லாம் அட்டையில் கடிகாரத்தின் எட்டு மணி இருக்கும் பக்கம், இடது கீழே, ஒதுங்கியது. தோட்டாவைச் சந்தேகப்பட்டேன், டெலஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ஊதியிருந்தது கட்டை. மரம் நெடுக்கே அவ்வளவாக ஊதாது, குறுக்கே ஊதும். போல்ட் ஓடும் இரும்புப் பகுதியான ஆக்‌ஷனைப் பிடிக்கிற இரண்டு ஸ்குரூவும் குறுக்கேதான் இறங்குகின்றன. இப்போது ஸ்குரூ போகும் வழியில் அலுமினியக் குழாய்த் துண்டு பதித்திருக்கிறேன். இறுக்கம் மரத்தின் மேல் விழாது, உலோகத்தின் மேல் விழும். சொந்தத் துப்பாக்கியானால் செய்துகொள்ளுங்கள், கிளப்புடையது என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கன்னம் வைக்கிற துண்டுக்குப் பலாக்கட்டை வேண்டுமென்று தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் போனேன். "வீணைக்கே மரம் வருஷக்கணக்குல காயுது சார், உங்க துப்பாக்கிக்கு நாளைக்கேவா?" என்று சிரித்தார். ஆறு மாதம் கழித்துத்தான் கொடுத்தார். அது இன்னும் அசையவில்லை.

கேள்வி (வாசகி, மன்னார்குடி): இளவேனில் வாலறிவனைப் பார்த்து என் மகளும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். பெல்லட் என்கிற ஈயக் குண்டை எடை போட்டுப் பிரிக்க வேண்டும் என்கிறாள். எங்கள் தெருப் பத்தர் தராசு போதுமா?

பதில்: மில்லிகிராம் காட்டினால் போதும். போட்டி பெல்லட் 0.53 கிராம் அளவில் வரும், பத்தர் கணக்கில் நாலரைக் குன்றிமணி. ஆனால் அம்மா, எடைக்கு முன்னால் கண். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, பாவாடை போல விரிந்த பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நெளிந்திருந்தால் எடை சரியாக இருந்தும் பயனில்லை. தலை அளவு மில்லிமீட்டரில் 4.49, 4.50, 4.51 என்று டப்பாவில் போட்டிருக்கும், மூன்றையும் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். ஈயம் தொட்ட கையோடு முறுக்கைத் தொட விடாதீர்கள்.

கேள்வி (வாசகர், திருத்துறைப்பூண்டி): ஏர் ரைஃபிள் சிலிண்டரைக் கைப்பம்பில் நிரப்பலாமா?

பதில்: காற்றழுத்தம் 200 பார் வரை அடிக்கத் தோள் இருந்தால் நிரப்பலாம். உங்கள் ஊர்க் காற்றில் பாதி உப்புத் தண்ணீர். ஈரம் பிடிக்கும் ஃபில்டர் இல்லாமல் அடித்தால் அந்தத் தண்ணீர் உள்ளே தங்கி வால்வை அரிக்கும். சிலிண்டரில் தேதி பொறித்திருக்கும், பத்து வருஷம் தாண்டியிருந்தால் பம்பைக் கீழே வையுங்கள்.